கிடைத்த இடம்: தெரியாது

சாந்தா ரூஃபினா,
11 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்கா எதெல்மிராவுக்கு,

தம்பி நிகாசியோ எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மனைவி பாஸ்குவாலா, என் கத்தரி மூவரும் சுகம். கத்தரி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. பாஸ்குவாலாவின் நாக்கு மழுங்கவில்லை. லீமாவில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் வலது என்றாய், அதற்கு முந்தையதில் இடது என்றாய். இரண்டும் முறை வைத்து வலிக்கின்றனவா?

ஊர்ச் செய்தி ஒன்று உண்டு. அது கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது. முடி இல்லாத தலை என்பதால் சட்டென்று விடிந்துவிட்டது.

அரசாங்கம் எடுத்துக் கொடுத்துப் பண்ணை நிலம் எங்கள் கைக்கு வந்தும், பண்ணையார் தோன் லிசார்தோ பெட்டி படுக்கையோடு லீமாவில் வந்து உட்கார்ந்தும் ஐந்து வருஷம் ஆகிறது. கரும்பு இப்போது கூட்டுறவுக் கரும்பு, ஆலைச் சங்கு கூட்டுறவுச் சங்கு. போன சனிக்கிழமை கூட்டத்தில், "இன்னும் நமக்கு வரவேண்டியது என்ன?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் மோட்டார், டிராக்டர் என்று யோசித்துக்கொண்டிருக்க, நான் சும்மா இல்லாமல், "பானைங்க" என்று சொல்லிவிட்டேன். தலைமுடியை வெட்டிக்கொண்டே பேசிப் பழகிய வாய். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஐந்தாவது நிமிஷம் 'பானைக் குழு' என்று ஒன்று பிறந்து, அதற்கு நான் தலைவன் ஆகிவிட்டேன். குழுவில் வேறு யாரும் கிடையாது.

உனக்குத் தெரியாததா? ஸ்பானியர்கள் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்கள் சுட்டு, செத்தவர்களோடு புதைத்த பானைகள். பெரிய வெள்ளிக்கிழமை ஊரே மண்வெட்டியும் சாப்பாட்டு மூட்டையுமாக அந்தப் பழைய புதைமேட்டுக்குப் போகும், அன்றைக்கு மட்டும்தான் மேடு வாயைத் திறக்கும் என்று. மறுநாள் காலை பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசை. முழுப் பானைக்கு ஒரு பாட்டில் கரும்புச் சாராயம், உடைந்ததற்கு அரைப் பாட்டில். "பண்ணை மண்ணுல கிடைச்சது பண்ணைக்கு" என்று அவர் சொல்லுவார். நாம் தலையை ஆட்டிவிட்டு வருவோம். வருஷம் முழுக்க ஏரிலும் வாய்க்காலிலும் அகப்பட்டதற்கும் இதே சட்டம்.

மண் இப்போது பண்ணையினுடையது இல்லையே, அக்கா. பானை மட்டும் எப்படி?

பழைய குதிரை லாயத்துக்கு வெள்ளையடித்து அங்கே வைப்பதாகத் திட்டம். குதிரை வாசம் இன்னும் போகவில்லை. ஆனால் பானைகளில் பெரிய மூக்கு உள்ளது ஒன்றுதான், மனிதத் தலை மாதிரி செய்த, இடது காது உடைந்த அந்தத் தலைப் பானை. அதற்கும் நம் குடும்பத்து மூக்கு, எதையும் தாங்கும்.

முப்பத்திரண்டு வருஷமாக அவருடைய லீமா வீட்டில் அவற்றைத் துடைப்பவள் நீ. நல்ல நேரம் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிடும்படி அவர் காதில் போடு. குழுவின் கடிதத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். குழு முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

உன் தம்பி, பானைக் குழுத் தலைவனும் தொண்டனுமான
நிகாசியோ


லீமா,
9 மார்ச் 1974

அன்புத் தம்பி நிகாசியோவுக்கு,

அக்கா எழுதுவது. வலிப்பது வலது முழங்கால்தான். இடதைப் பற்றி எழுதியபோது கட்டிலில் திரும்பிப் படுத்திருந்தேன். பாஸ்குவாலாவின் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் குழுவின் கடிதம் வந்தது. பண்ணையாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க கிடைச்சதுன்னு ஒருத்தன் கிட்டயாவது ஆதாரம் இருக்கா? குடிச்சுப் போட்ட பாட்டிலைத் தூக்கிட்டு வருவானுங்களா?" என்றார். கடிதம் இப்போது கிளிக்கூண்டின் அடியில் இருக்கிறது. உன் கையெழுத்து கீழே போகும்படி மடித்துத்தான் போட்டேன்.

என்னை இதில் இழுக்காதே. இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறையும் அதற்கு ஒரு ஜன்னலும் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயதில் வேறு ஜன்னல் தேட முடியாது.

அலமாரியின் இரண்டாவது தட்டில் பல்லி முதுகில் ஏறிய பானை ஒன்று இருக்கிறது. கழுத்து வளைவில் தூசி போகவே மாட்டேன் என்கிறது. அது யார் எடுத்தது? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
எதெல்மிரா


சாந்தா ரூஃபினா,
1 ஏப்ரல் 1974

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பாஸ்குவாலாவின் சளி போய்விட்டது. அது இருந்தபோது வீடு அமைதியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே அரசாங்கத் தோரணைக் கடிதம் கிளிக்கு மெத்தை ஆகிவிட்டது. போகட்டும். என் எழுத்தின் மேல் இதற்கு முன்பு யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

ஆனால் உன்னை நினைத்தால்தான் ஆத்திரமாக இருக்கிறது. நான் உதவி கேட்டு எழுதினால் நீ ஊர்க்கதை கேட்டு எழுதுகிறாய். சரி, ஊர்க்கதை என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் நாவிதன் இன்னும் பிறக்கவில்லை.

பல்லிப் பானை நம் இலாரியா எடுத்தது. சோள இட்டிலி விற்பாளே, அவளேதான். 1952-இல் அவள் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸுக்குக் குழி வெட்டினாள். இடுப்பளவு போனதும் மண்வெட்டி டங்கென்றது. பானையை எடுத்துப் பார்த்தால் முதுகில் பல்லி. உயிருள்ளது என்று நினைத்துச் செருப்பால் ஒரு அடி போட்டிருக்கிறாள். பல்லியின் வால் நுனி உடைந்திருக்கும் பார், அது இலாரியாவின் செருப்பு. வால் போனதால் பண்ணையார் அரைப் பாட்டில்தான் கொடுத்தார். அதைப் புருஷன் குடித்துவிட்டு அன்றிரவே அந்தக் குழியில் விழுந்தான். கக்கூஸ் மட்டும் இன்றுவரை கட்டி முடிக்கவில்லை.

வரும் பெரிய வெள்ளிக்கு யாரும் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது என்று குழு, அதாவது நான், தீர்மானம் போட்டிருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் லாயத்துக்கு வெள்ளையடிப்பதாக ஏற்பாடு. "பண்ணையார் போயிட்டாரு, புதுப் பண்ணையாரு வந்துட்டாரு" என்று கடையில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொன்னவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியைக் கழுத்தில் வைத்து, "திருப்பிச் சொல்லு" என்றேன். சொல்லவில்லை.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். நான் கேட்டது என்ன ஆயிற்று?

தம்பி
நிகாசியோ


லீமா,
12 மே 1974

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க மேட்டு மாதாவை வேண்டுகிறேன். இங்கே பனிமூட்டம் தொடங்கிவிட்டது. துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை.

பானை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. என்ன பானை, எவ்வளவு உயரம், எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, எப்படிக் கைக்கு வந்தது, இவ்வளவும் எழுதி உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் ஐம்பத்தெட்டு. அவருக்குக் கண் தெரியவில்லை, கையும் நடுங்குகிறது. ஆகையால் நான் எழுதுகிறேன். சலவைக்குப் போடும் துணியை எழுதி வைக்க வேண்டும் என்று காலஞ்சென்ற பண்ணையாரம்மா சொல்லிக்கொடுத்த எழுத்து, இப்போது அரசாங்க அட்டைக்கு உதவுகிறது.

"கிடைத்த இடம்னு இருக்கிற எடத்துலெல்லாம் தெரியாதுன்னு எழுது. யார் எடுத்ததுங்கிறதுக்கும் அதேதான்" என்றார். சரி என்றேன்.

பதிந்துவிட்டால் அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம்.

இரட்டை வயிற்றுப் பானை யார் எடுத்தது? தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் சீழ்க்கை அடிக்குமே, அது. கன்னம் வீங்கிய ஆள் பானை யாருடையது? பூட்டிய அலமாரியில் உள்ள பானை ஒன்றில் ஜோடியாக இருவர் துணியில்லாமல் இருக்கிறார்கள். அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் துடைக்கிறேன். அது யாருடைய வேலை? வருஷமும் தெரிந்தால் எழுது.

அக்கா
எதெல்மிரா


சாந்தா ரூஃபினா,
20 மே 1974

எதெல்மிராவுக்கு,

சுகம்.

தெரியாது என்று எழுதச் சொன்னாராம், நீ சரி என்றாயாம். ஐம்பத்தெட்டு முறை உன் கையாலேயே. இலாரியாவின் கக்கூஸ் குழி உனக்குத் தெரியாது. நம் அப்பாவின் மண்வெட்டி உனக்குத் தெரியாது. நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று ஒரு அட்டை வந்தால் அதிலும் தெரியாது என்றே எழுதிவிடு, எழுத்து அழகாக இருக்கும்.

பெரிய வெள்ளியன்று ஊரே கூடி லாயத்துக்கு வெள்ளையடித்தது. என்னைப் புதுப் பண்ணையார் என்றவன்தான் ஏணியின் மேல் நின்றான். அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்க இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஊர்க்கதை வேறு கேட்கிறாய். ஜன்னலோடு சுகமாக இரு.

நிகாசியோ


லீமா,
30 ஜூன் 1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை வேண்டாம் என்று பெட்டிக்குள் வைத்துவிட்டேன். முழங்கால் பரவாயில்லை.

இருபத்தேழு அட்டை முடிந்துவிட்டது. மற்றவற்றில் பாதி எனக்கே நினைவிருக்கிறது. மீதியை இங்கே வந்து போகும் நம் ஊர் லாரிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டேன். போன கடிதத்தில் உன்னைக் கேட்ட மூன்றும்தான் அகப்படவில்லை. நீ சொல்லமாட்டாய் என்றால் பாஸ்குவாலாவைக் கேட்டு எழுது. ஆகஸ்டு முடிவதற்குள் வேண்டும்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா
எதெல்மிரா


சாந்தா ரூஃபினா,
21 ஜூலை 1974

(எழுதுவது நிகாசியோ. சொல்வது பாஸ்குவாலா. அவளுக்கு எழுதத் தெரியாது. எனக்கு உன்னோடு பேச்சு கிடையாது. நான் வெறும் பேனா என்று வைத்துக்கொள்.)

மதினி, நான் பாஸ்குவாலா பேசறேன். நல்லா இருக்கீங்களா? முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தேய்ங்க. இந்த மனுஷன் ரெண்டு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்காரு. கடைக்கு வர்றவங்க கிட்டகூட பேசறதில்ல. ஊமை நாவிதன் கிட்ட யாரு முடி வெட்டிக்குவா? எல்லாம் பஸ் ஏறி பக்கத்து ஊருக்குப் போறாங்க. (எல்லாரும் இல்லை. நான்கு பேர்.)

நேத்து உங்க கடிதாசியை எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டச் சொன்னேன். கேட்டதும் சொன்னேன், "யோவ், உங்க அக்கா எதுக்கோ கேக்குது. என்னத்துக்குன்னு சொல்லல. சொல்லாததாலதான் சொல்றேன், அதுல ஏதோ இருக்கு"ன்னு. (இது அவள் கருத்து.)

சீழ்க்கைப் பானை செவெரோ எடுத்தது, 1947-ல வாய்க்கால் வெட்டறப்ப. அங்கேயே தண்ணி ஊத்திச் சாய்ச்சுப் பார்த்திருக்கான், அது விசில் அடிச்சிருக்கு. தன்னைக் கேலி பண்றாங்கன்னு மேஸ்திரி மூணு பேரைச் சாட்டையால அடிச்சான். கடைசியில பானைதான்னு தெரிஞ்சதும் அதைக் கொண்டுபோய்ப் பண்ணையாருக்குக் குடுத்து பாட்டிலை அவனே வாங்கிக்கிட்டான். அடி செவெரோவுக்கு, பாட்டில் மேஸ்திரிக்கு.

கன்னம் வீங்கின ஆளு, சலவைக்காரி பெனிதா வீட்டு அடுப்புக்கு அடியில கிடைச்சுது, 1955. எடுத்த அன்னைக்கே அவளுக்குப் பல்லுவலி வந்துருச்சு. பானை குடுத்த வலின்னு ஓடிப்போய்க் குடுத்தா. வாங்கின சாராயத்தை முழுக்க வாய் கொப்பளிச்சா. (விழுங்கிக் கொப்பளித்தாள்.)

அந்த ஜோடி இருக்கே, அது கோயில்ல மணியடிக்கிற தொரிபியோ எடுத்தது. கோயில் சுவரு அஸ்திவாரத்துல, 1960. பார்த்த உடனே வெட்கப்பட்டுக் குடுத்துட்டேன்னு அவரு சொல்றாரு. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாருன்னு அவரு பெண்டாட்டி சொல்றா. நான் பெண்டாட்டி பக்கம்.

மதினி, தலைப் பானையைப் பத்தி நீங்க ஒரு வார்த்தைகூட கேக்கல. கேக்கவேண்டியதில்ல, அது உங்களோடதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா மாமனார் அன்னைக்கு அதுக்காக வாங்கிட்டு வந்த பாட்டில் இன்னும் அப்படியே இருக்கு. கடைக் கண்ணாடிக்கு மேல, மெழுகு முத்திரைகூட உடையாம. உங்களுக்கு அது தெரியுமோ தெரியாதோன்னுதான் சொல்றேன்.

(இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்றாள். எழுதியாகிவிட்டதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குப் பதினோரு வயது. நாற்பத்திரண்டாம் வருஷப் பெரிய வெள்ளி. உன் மண்வெட்டி அந்தத் தலையின் காதில் பட்டதும் நீ அழுதாய், வலித்திருக்குமோ என்று. மறுநாள் தாழ்வாரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு நின்றாய். காது போயிருந்தும் அவர் முழுப் பாட்டில் கொடுத்தார். அப்புறம் பண்ணையாரம்மா உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணு பொருளை நல்லாப் பிடிக்குது, லீமாவுக்கு அனுப்பு" என்றார். அப்பா அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. சாகும்வரை ஏன் என்று சொல்லவும் இல்லை. நான் கேட்டதும் இல்லை.)

அவரு என்னமோ தனியா எழுதறாரு, எனக்குப் படிச்சுக் காட்டமாட்டேங்கிறாரு. உடம்பைப் பாத்துக்குங்க மதினி.

பாஸ்குவாலா சொல்ல,
பேனா


லீமா,
18 ஆகஸ்டு 1974

அன்புள்ள பாஸ்குவாலாவுக்கும் பேனாவுக்கும்,

இருவரும் சுகமாக இருங்கள். ஆட்டுக் கொழுப்பு நன்றாகக் கேட்கிறது, வீடு முழுக்க மணக்கிறது, கிளிக்குத்தான் பிடிக்கவில்லை.

ஐம்பத்தெட்டும் முடிந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன்.

பாட்டில் விஷயம் எனக்குத் தெரியாது.

எதெல்மிரா


சாந்தா ரூஃபினா,
6 அக்டோபர் 1974

என் அருமை அக்கா எதெல்மிராவுக்கு,

உன் தம்பி, இந்த மாகாணத்திலேயே பெரிய கழுதை, எழுதிக்கொண்டது. நீ சுகமா? முழங்கால் சுகமா? ஜன்னல் சுகமா? ஜன்னலைப் பற்றி நான் சொன்னதை ஜன்னலிடம் சொல்லிவிடாதே.

போன வியாழக்கிழமை தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லி ஆள், பெரிய தோல் பை. கூட்டுறவு அலுவலகத்தில் பூட்டு தொங்கியதால் என் கடைக்கு வந்தார். சவரத்துக்குத்தான் என்று நினைத்து நாற்காலியைத் தூசி தட்டினேன். அவர் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டு அட்டை எடுத்து, "இலாரியா கேஸ்கேன்னு இங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

இலாரியா எதிர்த்த மர நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். போலீஸ் என்று நினைத்து ஓடப் பார்த்தாள். பிடித்து இழுத்து வந்தோம். அதிகாரி படித்தார். உன் எழுத்து, அக்கா. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த உருண்டை உருண்டை எழுத்து.

"முதுகில் பல்லி உள்ள பானை. கிடைத்த இடம், சாந்தா ரூஃபினா பண்ணை, இலாரியா கேஸ்கேன் வீட்டின் பின்புறம், கக்கூஸ் குழி. எடுத்தவர், மேற்படி இலாரியா. வால் உடைந்தது எடுத்தவரின் செருப்பால். கைக்கு வந்த விதம், அரைப் பாட்டில் சாராயம்."

இலாரியா வாயைப் பிளந்தபடி நின்றாள். "என் பேரா? அரசாங்கத் தாள்லயா? கக்கூஸும் போட்டிருக்கா?" என்றாள். போட்டிருக்கிறது என்றதும், "அப்ப இனிமே கட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அரை மணி நேரத்தில் கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. செவெரோவின் சாட்டையடி இருந்தது, மேஸ்திரியின் பெயரோடு. பெனிதாவின் பல்லுவலி இருந்தது. தொரிபியோவின் அட்டை வந்தபோது அவர் பின்வாசலைத் தேடினார். என் கடைக்குப் பின்வாசல் கிடையாது. "ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில்" என்று அதிகாரி படித்ததும் அவர் பெண்டாட்டி எழுந்து நின்று, "எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன், கேட்டீங்களாடா?" என்று எல்லோரையும் பார்த்தாள். கடை அதிர்ந்தது. கண்ணாடியில் இருந்த விரிசல் இன்னும் ஒரு விரல் நீண்டிருக்கிறது.

ஒவ்வொரு அட்டைக்கும் கீழே தோன் லிசார்தோவின் கையெழுத்து. கோணல்மாணலாக, ஆனால் அவருடையதேதான். பழைய கூலிச் சீட்டுகளில் பார்த்த அதே கொக்கி.

அதிகாரி சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உரிமையாளரே எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் அதை மறுக்க முடியாதாம். பானைகளைத் திருப்பிக் கேட்டு நாங்கள் மனுப் போடலாமாம். இழுக்கும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். "இழுக்கட்டும் சார், ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள இருந்ததுங்க, அவசரம் இல்ல" என்றேன். சாட்சி சொல்லத் தயாராக இருப்பவர்கள் கைநாட்டு வைக்கலாம் என்றார். வாசல்வரை வரிசை நின்றது. தாழ்வாரத்தில் நின்ற அதே ஆட்கள், அக்கா. இந்தத் தடவை யார் கையிலும் பானை இல்லை.

கடைசி அட்டையை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. என்னிடம் நீட்டி, "இது உங்க குடும்பமா?" என்றார். நான் படித்தேன்.

"மனிதத் தலை வடிவப் பானை. இடது காது எடுத்தவரின் மண்வெட்டியால் உடைந்தது. கிடைத்த இடம், சாந்தா ரூஃபினா, பெரிய மேடு. எடுத்தவர், எதெல்மிரா யோந்தோப், வயது பதிமூன்று. கைக்கு வந்த விதம், ஒரு பாட்டில் சாராயம். அதே பாட்டிலுக்கு எடுத்தவரும் கைக்கு வந்தார்."

எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, புரை விழுந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். பாஸ்குவாலா, "ஆமா ஆமா, புரைதான்" என்று தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள்.

என் மே மாதக் கடிதத்தை எரித்துவிடு. வேண்டாம், கிளிக்கூண்டில் போடு. இந்தத் தடவை என் கையெழுத்து மேலே தெரியும்படி.

எல்லோரும் கண்ணாடிக்கு மேலே இருக்கும் பாட்டிலையே பார்க்கிறார்கள். இன்றைக்குத் திறக்காவிட்டால் என்றைக்கு என்கிறார்கள். லாயத்தில் வைத்துத் திறக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது. அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதா? உன்னை என்ன செய்தார்?

உன் கழுதை,
நிகாசியோ


லீமா,
15 அக்டோபர் 1974

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இரண்டு முழங்காலும் சுகம்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, நான்தான் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை.

"நான் உன்னை என்ன எழுதச் சொன்னேன்?" என்றார்.

"தெரியாதுன்னு எழுதச் சொன்னீங்க ஐயா. உங்களுக்குத் தெரியாதுங்கிறது சரிதான். எனக்குத் தெரியுமே" என்றேன்.

"என்னை ஏமாத்திட்ட."

"ஒவ்வொரு அட்டைக் கட்டையும் கையெழுத்துக்கு வைக்கறப்ப, படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னீங்க. சரியாத்தான் இருக்கு."

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பால் சீட்டு, சலவைச் சீட்டு, எது வைத்தாலும் இத்தனை வருஷமாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர். நான் எழுதியதில் நானும் இருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அட்டைகளை நான் மாற்றி எழுதித் தர வேண்டும் என்றார். இல்லையென்றால் வீட்டைவிட்டுப் போ என்றார். "பெட்டி கட்டியாச்சுங்க" என்றேன். ஆகஸ்டிலேயே கட்டி வைத்ததுதான்.

வாசலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். பானை எதையாவது எடுத்துப் போகிறேனா என்று பார்க்க வேண்டுமாம். கண் தெரியாததால் கையைவிட்டுத் துழாவினார். இரண்டு பாவாடை, ஒரு கம்பளி, உன் கடிதங்கள், கோழி இறகுத் துடைப்பம். "இது எதுக்கு?" என்றார். "அதுங்க எப்படியும் ஊருக்கு வரும். வந்ததும் துடைக்கணும்ல" என்றேன். துடைப்பத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். கிளி ஏதோ சொன்னது.

இப்போது இங்கே லீமாவிலேயே இலாரியாவின் மகள் வீட்டில் இருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பஸ். சனிக்கிழமை காலை வந்து சேருவேன். லாயத்துக்கு ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லு. இல்லாவிட்டால் நானே இடித்து வைத்துக்கொள்வேன்.

பாட்டிலைத் தொடாதே. யார் கேட்டாலும் கொடுக்காதே. அது என் விலை. அதை நான்தான் திறப்பேன்.

அக்கா
எதெல்மிரா